வாயிருந்தும் வங்காளம் போகாதவன்

எங்கள் விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ரயில் நாலு திக்கும் போகும்: விழுப்புரம், அரியலூர், கடலூர், சேலம். இப்படியொரு ஊரில் பிறந்துவிட்டு, கார் பிடித்து ஊர் சுற்றுவது பாவம் என்பது என் கொள்கை. கொள்கையில் பழுதில்லை. யாரிடமும் வழி கேட்க மாட்டேன் என்கிற வீம்புதான் டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறிக்கொள்கிறது.

வடலூர் போகத் திட்டம். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாத தருமச்சாலையில் மத்தியானச் சாப்பாடு. நின்றிருந்த வண்டியில் ஏறி ஜன்னலோரம் பிடித்தேன். நெய்வேலி வரவேண்டிய நேரம் தாண்டியும் வாய் திறக்கவில்லை. சின்னசேலம் வந்தது. "ஏறும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார் எதிர் சீட்டுப் பெரியவர். பரோட்டா சாப்பிட்டுத் திரும்பினேன்.

கங்கைகொண்டசோழபுரம் போன கதை இன்னும் மோசம். கிளம்புமுன் ஒரு பொம்மைப் பட்டறையை எட்டிப்பார்த்தேன். பிளாஸ்டர் அச்சுக்குள் கரைத்த களிமண்ணை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் மண் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே ஒன்றுமில்லாத பிள்ளையார். காதோரம் அச்சு சேர்ந்த கோட்டை ஓர் அம்மா ஈர ஸ்பாஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தார். சூளையில் வெந்த, வர்ணம் அடிக்காத பிள்ளையார்களை வாங்கினேன். "திரும்பி வரும்போது எடுத்துக்கங்க சார், பஸ்ல ஒடஞ்சிடும்" என்றார். நானா கேட்பேன்?

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கடைசி சீட். வேகத்தடைதோறும் பைக்குள் சத்தம். இறங்கிப் பார்த்தால் தும்பிக்கைகள் தனி, பிள்ளையார்கள் தனி. எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் 12,000 பொன்னைப் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம் சுந்தரர். மாற்று கொஞ்சம் குறைந்ததாம். அதையும் பாடியே சரிக்கட்டிக்கொண்டார். அந்தப் பார்சல் சர்வீஸ் இப்போது இல்லை.

கோயிலில் நடை சாத்தியிருந்தது. மத்தியானம் சாத்துவார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பது பழமொழி. நிஜமாகவே வங்காளம் வரை படை அனுப்பி, கங்கை நீர் கொண்டுவரச் செய்த ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் அது. வாய் திறக்காத எனக்குக் கிடைத்தது வெளிச்சுவர். அதில் சிவன், சண்டேசர் தலையில் மாலையைச் சுற்றிக் கட்டுகிறார்; சண்டேசர் தலை தாழ்த்திக் கைகூப்பி வாங்கிக்கொள்கிறார். எனக்கு அந்தக் குனிவு பழக்கமில்லை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டினால் நியாயம் கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவரவர் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அந்தக் கணக்கில் படிப்பணம், பஸ் டிக்கெட் மாதிரி. எனக்கு உள்ளூர், செலவு குறைச்சல். தாள் வாங்கி உட்கார்ந்தும்விட்டேன். ரயில் மேல் எழுதுவதா, பஸ் மேல் எழுதுவதா, நடையைச் சாத்தியவர் மேலா? எதிராளி பெயர் வரவேண்டிய இடத்தில் பேனா நின்றது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.