பார் பார்த்த பிறகு குளி

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒரே மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தது. செல்போனில் போக்கர் ஆடிவந்தவர்களுக்குக் கட்டாய ஓய்வு. ஓய்வு நீண்டால் மனிதனுக்கு இரண்டு யோசனைகள் வரும்: ஒன்று கோயில், மற்றது கோவா. திருச்செந்தூர்க்காரருக்குக் கோயில் வாசலிலேயே இருப்பதால் கோவாதான் தூரத்துப் பச்சை. மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கேசினோ கப்பலில், நிஜ மேசையில், நிஜ மனிதர்களோடு ஆடும் டோர்னமென்ட்! “கொஞ்ச நாள் விட்டிருந்தேன், இப்போது மனசு தெளிவாக இருக்கிறது, திரும்ப இறங்கலாம்” என்று கிளம்புகிறார்கள். இறங்குகிறவர் தம் மனத்தெளிவைச் சோதித்துப் பயனில்லை, இறங்கும் இடத்தைச் சோதிக்க வேண்டும் என்பதே என் கட்சி. சாட்சிக்கு லாஸ் வேகஸ் போக வேண்டாம்; நம் கடலே கூண்டில் ஏறும்.

தூத்துக்குடிக் கடலில் தோலாயிரம் பார் முதலான பார்களில், அதாவது முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், சலாபம் என்னும் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கை வாய் திறக்காத சிப்பியாகவே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது சிப்பியை அழுகவிட்டு அலசிய பிறகுதான் தெரியும். அந்த நாற்றத்தின் நடுவே முகம் மாறாமல் உட்கார்ந்திருந்த வியாபாரியிடம் இன்றைய போக்கர் மன்னர்கள் பாடம் கேட்கலாம். ஆனால் ஏலம் விட்ட அரசாங்கம் குருட்டாட்டம் ஆடவில்லை. முதலில் பாரைச் சோதிக்கும். மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பிட்டு, கட்டுப்படியாகும் என்றால்தான் சலாபம் அறிவிக்கும். 1928-க்குப் பிறகு அடுத்த சலாபம் 1955-இல்தான். இடையில் வெள்ளைக்காரன் போனான், சுதந்திரம் வந்தது, அரசியல் சாசனம்கூட எழுதி முடிந்தது. கை ஊறுகிறதே என்று எந்த அதிகாரியும் கடலில் குதிக்கவில்லை. எதிர்க்கரையில், இலங்கையின் முத்துப் பார்களை 1906-இல் ஒரு லண்டன் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி கண்ணில் படாத ஆண்டுகளிலும் குத்தகைப் பணம் நின்றபாடில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனி மூழ்கியது; அது ஒன்றுதான் அங்கே ஒழுங்காக மூழ்கியது.

“முத்து அதிர்ஷ்டம், போக்கர் திறமை, இரண்டும் ஒன்றா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2023 நவம்பரில் சொன்னது. ஆனால் தீர்ப்பு ஆட்டத்தைப் பற்றியது, ஆடப் போகிறவரைப் பற்றியது அல்ல. அவருக்குத் திறமை இருக்கிறது என்று எந்த நீதிபதியும் கையெழுத்துப் போடவில்லை. மேலும், முத்துக் குளிப்பதும் திறமைதான். இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்கி மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவது எல்லாராலும் ஆகாது. அந்தத் திறமை சிப்பியைக் கொண்டுவரும். சிப்பிக்குள் முத்தை வைக்காது. பல நூறு டோர்னமென்ட் ஆடினால் திறமை கணக்கில் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை போய் ஆடுகிறவருக்குத் தெரிவது அன்றைக்கு வந்த சீட்டு மட்டும்.

“ஓய்வு எடுத்தால் ஆட்டம் மெருகேறும்” என்பது அடுத்த வாதம். சலாபம் நின்ற ஆண்டுகளில் கடலடியில் சிப்பி வளர்ந்தது. அந்த ஓய்வுக்கு அர்த்தம் உண்டு. சீட்டாடி ஓய்வெடுத்தால் வளர்வது எதிராளி. 2019-இல் புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே தோற்கடித்தது. அதன் பிறகு மேசைக்கு வரும் பொடியன்கள் எந்தக் கைக்கு எவ்வளவு கட்டலாம் என்பதைக் கணினியோடு உட்கார்ந்து உருப்போட்டுவிட்டு வருகிறார்கள். நம்மவர் கொண்டுபோவது மனத்தெளிவு.

தோற்றால் மறுபடி பணம் கட்டி நுழையலாமே, ரீ-என்ட்ரி இருக்கிறதே என்றால், அதற்கும் ஊரிலேயே பாடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நம் கடற்கரைச் சூரசம்ஹாரத்தில் சூரன் யானைமுகம் போனால் சிங்கமுகம், அதுவும் போனால் சொந்தத் தலை, பிறகு மாமரம் என்று வந்துகொண்டே இருப்பதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு நுழைவிலும் முடிவு மாறவில்லை. சூரனுக்காவது கடைசியில் மயிலும் சேவலுமாகும் பாக்கியம் கிடைத்தது. இங்கே கிடைப்பது பஃபே சாப்பாடு. ஒவ்வொரு நுழைவுக்கும் கட்டும் பணத்தில் ஒரு பகுதி ஆட்டத்தை நடத்துகிறவருக்குப் போகும். சலாபத்தில் மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டிக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. சுறா வந்தாலும் வராவிட்டாலும் அவர் வரும்படி நிச்சயம். கேசினோ அந்த இடத்தில் இருக்கிறது. அதன் சூதாட்டக் கூடத்துக்குள் கோவா மக்களே நுழையக் கூடாது என்று அந்த மாநில அரசு 2020-இல் தடுத்துவிட்டது. சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்காத பலகாரத்தை விருந்தாளிக்கு நீட்டினால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? ஜெயித்தாலோ வருமான வரி 30 சதவீதம். தோற்ற பணத்தை அதில் கழிக்கவும் முடியாது. தோல்வி முழுக்க முழுக்க நமக்கே சொந்தம்.

அப்படியானால் திரும்பவே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. பார் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறேன். நண்பர்களோடு காசில்லாமல் சில மாதம் ஆடி, முடிவுகளை நோட்டில் எழுதிப் பார்க்கலாம். தேறாவிட்டால் சலாபத்தை அறிவிக்காமல் விடுவதில் அவமானம் இல்லை. 1961-க்குப் பிறகு நம் கடலில் சலாபமே நடக்கவில்லை. அதற்காக யாரும் உட்கார்ந்து அழவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் தாங்களே கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். முத்து வேண்டும் என்பது ஓர் ஆசை, முக்குளிக்க வேண்டும் என்பது வேறோர் ஆசை. முதல் ஆசைக்காரர் ரயில் ஏற வேண்டாம். இரண்டாம் ஆசைக்காரர் செலவை உல்லாசப் பயணக் கணக்கில் எழுதிவிட்டு, வீட்டிலும் அப்படியே சொல்லிவிட்டுத் தாராளமாகப் போய்வரலாம்.