வருமானம் கேட்காத வள்ளல்

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அதனிடம் சம்பளச் சீட்டுக் கேட்கவில்லை. கனடாவில் வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கியே, வள்ளல்கள் வரிசையில் உனக்கும் ஓர் இடம் தர வேண்டும் என்பது என் கட்சி. மோட்கேஜ் என்கிற அந்த வீட்டுக்கடனைப் புதுப்பிக்கும்போது நீயும் பொதுவாக அதைக் கேட்பதில்லை.

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு வீடு. இரண்டு பேர் உழைத்த இடத்தில் ஒருவருக்கு வேலை போய்விட்டது. வேலைக் காப்புறுதியில் வருவது பழைய சம்பளத்தில் 55 வீதம். அதற்கும் உச்சவரம்பு உண்டு, 2025இல் வாரத்துக்கு 695 டாலர். அந்த நேரம் பார்த்து ஐந்து வருட மோட்கேஜ் தவணைக்காலமும் முடிகிறது. சொந்தக்காரர் என்றால் "இப்ப எங்க வேலை?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். உனக்கு அந்தக் குணம் கிடையாது. மாதக்காசு பிந்தாமல் வந்திருந்தால் வேறொன்றும் விசாரிக்காமல் கடிதம் அனுப்புகிறாய்.

அந்தக் கடிதத்தின் எளிமையைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம், இரண்டு, மூன்று, ஐந்து என்று வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வட்டி. ஒரு கட்டத்தில் கோடு போட்டு, அடியில் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது. தவணை முடிய 21 நாளுக்கு முன்பாவது அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2023இல் அரசு வெளியிட்ட மோட்கேஜ் சாசனம் நாலு முதல் ஆறு மாதத்துக்கு முன்பே தொடர்புகொள்ளச் சொன்னது. பதில் போட மறந்தவரையும் நீ கைவிடுவதில்லை. பல இடங்களில் அவருடைய மோட்கேஜ் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும், நீயே நிர்ணயித்த வட்டிக்கு.

உன் கணக்கும் மெச்சத்தக்கது. 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதத்தில் கிடந்தது. அந்தக் காலத்தில் ஐந்து இலட்சம் டாலரை 1.89 வீதத்துக்கு, 25 வருடத்தில் தீர்ப்பதாக எடுத்தவர் மாதம் ஏறக்குறைய 2,090 டாலர் கட்டியிருப்பார். ஐந்து வருடம் போனபின் அவருடைய மிச்சக் கடன் சுமார் 418,000. கடன் குறைந்திருக்கிறது, வருமானமும் குறைந்திருக்கிறது. புதுக் கடிதத்தில் 4.79 என்று இருந்தால் மாதக்காசு மட்டும் 2,700 ஆகிவிடும். அவர் தாங்க மாட்டேன் என்று அழுதால் நீ இரங்குகிறாய். மிச்சமிருக்கும் 20 வருடத்தை மறுபடி 25 ஆக நீட்டி, 2,380க்கு இறக்கித் தருகிறாய். வட்டி அப்படியே இருந்தால் அந்த இரக்கத்துக்கு அவர் கூடுதலாகக் கட்டுவது 66 ஆயிரம் டாலருக்கு மேல். ஓய்வெடுக்கும் வயதிலும் மனிதரை விட்டுப் பிரியாத அன்பு உன்னுடையது.

இத்தனை பெருந்தன்மை எங்கிருந்து வருகிறது? அடுத்த வங்கியின் வாசலில் நின்று பார்த்தால் விளங்கும். கடன் தவறினால் ஈடுகட்டும் காப்புறுதி இல்லாத மோட்கேஜை அப்படியே வேறு வங்கிக்கு மாற்றுவதற்கும் முன்பு அழுத்தச் சோதனை இருந்தது. ஒப்பந்த வட்டியோடு இன்னும் 2 வீதம், அல்லது 5.25 வீதம், எது கூடவோ அதைக் கட்ட வல்லவர் என்று காட்ட வேண்டும். 2024 நவம்பர் 21இலிருந்து அந்தச் சோதனை இல்லை. ஆனால் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வருமானவரி மதிப்பீடு எல்லாவற்றையும் புது வங்கி கேட்கத்தான் செய்யும். வேலை போனவர் எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? இதை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. போக்கிடம் இல்லாதவரிடம் நீ வருமானம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை உனக்கில்லை.

புதிதாக வருகிறவருக்கு 4.29 கொடுக்கக்கூடிய நாளில் பழையவருக்கு 4.79 எழுதி அனுப்ப உன்னால் முடிகிறது. அரை வீதம்தானே என்று தோன்றும். இந்தக் கணக்கில் அது மாதம் 110 டாலர், ஐந்து வருடத்தில் 6,600. பிள்ளையின் நீச்சல் வகுப்பு, அம்மாவுக்கு ஊருக்கு அனுப்பும் காசு, குளிர்கால டயர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஐந்து வருடம் ஒரு மாதம் பிந்தாமல் கட்டியவரின் விசுவாசத்துக்கு நீ வைத்திருக்கும் மரியாதை அது.

நிதி அமைச்சையும் வங்கிகளை ஒழுங்குபடுத்தும் அலுவலகத்தையும் ஒன்று கேட்கிறேன். இருக்கும் வங்கிக்கு மாதம் 2,700 கட்ட ஒரு குடும்பத்தால் முடியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. அதே வீட்டுக்கு, அதே கடனுக்கு, அடுத்த வங்கியில் 4.29 வட்டிக்கு 2,590 கட்டுவதற்கு எதற்காகச் சம்பளச் சீட்டு? குறைந்த தொகையைக் கட்டுவதா கூடிய ஆபத்து? பிந்தாமல் கட்டிய 60 மாதங்களே சான்று என்று ஒரு விதி வந்தால், வருமானம் குறைந்தவர்கள்தான் முதலில் தப்புவார்கள்.

அந்த விதி வரும்வரை, கடிதம் வந்திருக்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தவணை முடிய நாலு மாதம் இருக்கும்போதே வெளியில் வட்டி விசாரியுங்கள். பல இடங்களில் 120 நாள் வரை வட்டியைப் பிடித்துவைத்துத் தருவார்கள். வீட்டில் ஒருவருக்காவது நிலையான வேலை இருந்தால் மோட்கேஜ் புரோக்கரிடம் போய்ப் பாருங்கள், மாற்ற முடியாது என்று நீங்களாகவே முடிவுகட்ட வேண்டாம். மாற்ற வழியில்லாவிட்டாலும் வெளியில் கேட்ட வட்டியைச் சொல்லி உங்கள் வங்கியோடு பேசுங்கள். கட்டுவது கஷ்டம் என்றால் ஒரு மாதம் தவறுவதற்கு முன்பே சொல்லுங்கள். முதல் கடிதத்தில் எழுதியிருக்கும் வட்டிக்கு மட்டும் கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.