பாக்கெட் புராணம், சண்டைக் காண்டம்

ஜொகூரின் கூலாய் யங் எஸ்டேட்டில் ஒரு காலத்தில் செம்பனை நின்றது. இப்போது அந்த மண்ணில் ஒய்டிஎல் குழுமத்தின் தரவு மையங்கள் நிற்கின்றன. செடெனாக் பக்கம் போனாலும் இதே காட்சிதான்: ஜன்னல் இல்லாத கட்டடம், சுற்றிலும் வேலி, உள்ளே இரவு பகலாகக் குளிர்சாதனம். நம் ஆட்கள் குலை வெட்டிய தோட்டங்களில் துரைக்குக்கூட இந்த உபசாரம் நடந்திருக்காது. உள்ளே சுகவாசம் செய்யும் இயந்திரங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் குலத்தைச் சேர்ந்தவை. இந்தக் குலம் நெட்வொர்க்கில் தரவுப் பாக்கெட் அனுப்பவும் வாங்கவும் கற்றுக்கொண்ட வரலாற்றை யாரும் பரணி பாடவில்லை. பாடினால் முக்கால்வாசி வசவாகத்தான் வரும்.

கதை லினக்ஸ் பிறப்பதற்கு முன், அதன் மூத்த குலமான யூனிக்ஸில் தொடங்குகிறது. 1980களின் தொடக்கம். அமெரிக்க ராணுவத்தின் தார்ப்பா, பிபிஎன் என்ற நிறுவனத்துக்குக் காசு கொடுத்து கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான டிசிபி/ஐபிக்கு நிரல் எழுதச் சொன்னது. ராப் குர்விட்ஸ் எழுதினார். அதை வாங்கித் தங்கள் யூனிக்ஸுக்குள் பொருத்துவதுதான் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு இட்ட வேலை. அங்கே பில் ஜாய் இருந்தார். அவருக்கு அந்த நிரல் பிடிக்கவில்லை. பொருத்துகிறேன் என்று ஆரம்பித்தவர் தன் கையாலேயே மாற்றி எழுதிவிட்டார். 1983 ஆகஸ்டில் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பிஎஸ்டி பதிப்பு வெளிவந்தபோது அதில் ஓடியது பெர்க்லிக்காரர்களின் சரக்கு. ஜாய் அதற்குள் சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்குப் போயாகிவிட்டது. ஏச்சு வாங்க ஆள் ஊரில் இல்லை.

பிபிஎன் விடுமா? காசு வாங்கியவன் நான், அசல் என்னுடையது என்று மல்லுக்கு நின்றது. கடைசியில் பஞ்சாயத்துக்கு மைக் மூஸ் வந்தார். இன்று இணையம் படுத்தால் முதலில் பிங் அடித்துப் பார்க்கிறோமே, அந்தப் பிங்கை எழுதிய புண்ணியவான். வேலை பார்த்தது பீரங்கி, குண்டு ஆராய்ச்சி செய்யும் ராணுவக் கூடத்தில். இரண்டு கோஷ்டியும் பவ்யமாக இருக்க அதுவே போதும். இரண்டு நிரல்களையும் அவர் கசக்கிப் பிழிந்தார். பெர்க்லி நிரல் வேகம், நெரிசலைச் சமாளிப்பதில் பிபிஎன் நிரல் தேவலாம் என்று தெரிந்தது. ஆனால் பெர்க்லி நிரல் எல்லாச் சோதனையிலும் விழாமல் நின்றது. பிபிஎன் நிரல் சுமை ஏறியதும் சில இடங்களில் மயங்கி விழுந்தது. தீர்ப்பு அங்கேயே எழுதியாயிற்று.

ஜெயித்த நிரல் ஒன்றும் உத்தமபுத்திரன் அல்ல. பாக்கெட்டின் தலைப்பை முன்னால் வைக்காமல் வாலில் ஒட்டும் ஒரு விபரீத யோசனை அதில் இருந்தது. அப்போது பெர்க்லி யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ் இயந்திரத்தின் நினைவகப் பக்கங்களுக்குத் தோதாக இருக்குமாம். மற்ற இயந்திரங்களோ, தலை எங்கே வால் எங்கே என்று தெரியாமல் முழித்தன.

அடுத்த கூத்து பைட் வரிசை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டின் கதவு எண் (போர்ட்) 23. கம்பியில் எப்போதும் பெரிய பைட்தான் முதலில் போகவேண்டும் என்பது நெறிமுறை. சன் இயந்திரமும் அப்படியே எழுதும் சாதி. அதனால் அங்கே உட்கார்ந்து எழுதியவன் பைட்டைத் திருப்பும் சின்ன அழைப்பை மறந்தாலும் எல்லாம் ஜோராக ஓடும். அதே நிரலை, சின்ன பைட்டை முதலில் எழுதும் வாக்ஸுக்கோ இன்டெல் 386க்கோ கொண்டுபோனால், 23ஆம் கதவைத் தட்ட வேண்டியவன் 5888ஆம் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பான். உள்ளே யாரும் இல்லை. எழுதியவனைக் கேட்டால், என் இயந்திரத்தில் ஓடுகிறதே என்பான். மென்பொருள் உலகின் தேசிய கீதம் அது.

ஒரு யூனிக்ஸிலிருந்து இன்னொரு யூனிக்ஸுக்கு நெறிமுறை நிரலைக் கொண்டுபோவது ஜொகூர் பாலத்தைக் கடப்பது மாதிரி. இந்தப் பக்கமும் தே தாரேக், அந்தப் பக்கமும் தே தாரேக். சோதனைச்சாவடியில் மட்டும் எல்லாமே வேறு. பெர்க்லி ஒரு பாக்கெட்டை 128 பைட் துண்டுகளாக நறுக்கிச் சங்கிலியாகக் கோத்து வைக்கும். லினக்ஸ் முடிந்தவரை ஒரே நீளத் துண்டாக வைத்துக்கொள்ளும். கொண்டுபோகிறவர் ஒவ்வொரு முறையும் சங்கிலியை அவிழ்த்து அடுக்க வேண்டும். 1990இல் பெர்க்லி, முகவரிக் கட்டமைப்பின் தலையில் அதன் நீளத்தைச் சொல்ல ஒரு பைட்டைச் செருகியது. லினக்ஸ் அதைச் சீந்தவே இல்லை. இந்த ஒற்றைப் பைட்டுக்காக, பிஎஸ்டி என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி என்று நிபந்தனை வரி எழுதியே தேய்ந்துபோன விரல்கள் உலகம் முழுக்க உண்டு.

லினக்ஸ் ஏன் பெர்க்லியின் நிரலையே எடுத்து ஒட்டிக்கொள்ளவில்லை? வக்கீல்கள் புகுந்துவிட்டார்கள். 1992இல் ஏடி அண்ட் டியின் யூனிக்ஸ் பிரிவு, பெர்க்லி நிரலை விற்ற பிஎஸ்டிஐ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அந்த நிறுவனம் தன் தொலைபேசி எண்ணிலேயே 'இது யூனிக்ஸ்' என்று எழுத்துக்கூட்டி வைத்திருந்தது; தூங்குகிற சிங்கத்தை விலாவில் குத்தி எழுப்பினால் வேறென்ன நடக்கும்? பல்கலைக்கழகம் திருப்பி வழக்குப் போட்டது: எங்கள் நிரலை எடுத்துக்கொண்டு எங்கள் பெயரைப் போடாமல் விட்டீர்களே! 1994இல் சமரசம். சுமார் 18,000 கோப்புகளில் மூன்றை நீக்கவேண்டும் என்று முடிவானது. மூன்று! இந்த மூன்றுக்காகத்தான் பிஎஸ்டியைத் தொட எல்லோரும் கைநடுங்கி நின்றார்கள்.

அந்த இடைவெளியில் லினக்ஸுக்குச் சொந்தமாக நெட்வொர்க் எழுத ராஸ் பைரோ முன்வந்தார். அவர் ஒதுங்கியதும் ஃப்ரெட் வான் கெம்பன் பெரிய திட்டத்தோடு வந்தார். ஜனங்களுக்குத் திட்டம் வேண்டாம், இன்று ராத்திரி இணைப்பு வேண்டும். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் இருந்த ஆலன் காக்ஸ் அந்த நிரலின் பூச்சிகளைப் பொறுக்கி ஓட வைத்தார். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஓடுவதை எடுத்துக்கொண்டார். இதற்கிடையே விண்டோஸ்காரர்கள் சத்தமே போடவில்லை. அவர்களுடைய எஃப்டிபி நிரலைத் திறந்து பார்த்தால் உள்ளே பெர்க்லியின் தாய்வீடான கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பதிப்புரிமை வரி குந்தியிருக்கும்.

பிறகு முகவரிப் பஞ்சம் வருகிறது, ஐபி ஆறாம் பதிப்புக்கு மாறுங்கள் என்று ஊரெல்லாம் கூவினார்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கென்றே தேசிய மையம் வைத்தது. பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ் அதை நடத்தினார். நிரல் வேலையில் பெரிய பங்கு ஜப்பானியருடையது. 1998இல் போட்டிக் கம்பெனிகளே கைகோத்து காமே என்ற திட்டத்தைத் தொடங்கின. பிஎஸ்டியின் வாரிசுகளான ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி மூன்றுக்கும் ஒரே நிரல். அண்ணன் தம்பி மூவரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நம்பி இறங்கியவர்கள், கோப்புக்குக் கோப்பு நிபந்தனை வரிகளைக் கொட்டவேண்டி வந்தது. இதில் இதோஜுன் என்று எல்லோரும் அழைத்த ஜுன்இச்சிரோ ஹகினோ உழைத்த உழைப்பு பெரிது. காமே என்றால் ஆமை. லினக்ஸுக்காகக் கிளம்பிய கோஷ்டி முயல் என்று பெயர் வைத்துக்கொண்டது.

ஆமைத் திட்டத்தின் முகப்பில் ஓர் ஆமைப் படம் இருந்தது. பழைய நான்காம் பதிப்பில் போனால் அது கல்லாட்டம் கிடக்கும்; ஆறாம் பதிப்பில் போனால் ஆடும். கோடி கோடியாய் முகவரி, புதிய தலைப்பு, வருடக்கணக்கில் உழைப்பு, எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டால் அன்றைய நெட்வொர்க்காரர்கள் மேலதிகாரியைக் கூட்டிவந்து ஆடும் ஆமையைக் காட்டினார்கள். பட்ஜெட் கேட்க வேறு ஆதாரம் அவர்களிடம் இருக்கவில்லை.