நாய் வித்த காசு

வா மருமவனே. கோயமுத்தூர்ல நாய்க்குட்டித் தொழில் தொடங்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. அதுவும் டீகப் பொமரேனியன்! அருமையான தொழில். எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில எடை கூடுனாத்தான் வெல கூடும். உன் யாவாரத்துல எடை கொறையக் கொறைய வெல ஏறுது. குடுத்து வச்சவன்டா நீ!

விக்டோரியா மகாராணி 1888-ல இத்தாலியிலேருந்து ஆசையா வாங்கிட்டுப் போன பொமரேனியனே அஞ்சு கிலோவுக்கு மேல இருந்துச்சாம். நீ ஒரு கிலோ சொச்சத்துல நிறுத்தணும்ங்குத. டீகப்னு ஒரு சாதியே கெடையாது, எந்தக் கென்னல் கிளப்பும் ஏத்துக்கிடல. அதனால என்ன? ஒரு ஈத்துல, பால் குடிக்க முண்ட முடியாம ஓரத்துல கெடக்குற நோஞ்சான் ஒண்ணு இருக்கும்லா? சிப்பிப்பாறை நாய் வளத்தவங்க அத இனத்துக்கு விட மாட்டாங்க. ஓட்டத்தையும் நெஞ்சையும் பாத்துத்தான் சேப்பாங்க. வெவரமில்லாத சனங்க! நீ நோஞ்சான் கடுவனையும் நோஞ்சான் பொட்டையையும் சேத்து விடு. நாலஞ்சு தலமுறையில உள்ளங்கையில அடங்கிரும்.

பெறகு குட்டிய மடியில போட்டு உச்சிய லேசாத் தடவிப் பாரு. பெருவெரல் படுத எடம் மெத்துனு அமுங்கும். எலும்பு இன்னும் கூடல. சிலதுக்கு மண்டைக்குள்ள நீரும் கோத்துக்கிடும். வாங்க வாரவங்க, "ஐயோ, நெத்தி எப்படி உருண்டையா இருக்கு!"ன்னு கொஞ்சுவாங்க. நீ வாயத் தொறக்காத.

சாமத்துலயும் எழும்பி எர குடுக்கணும், அவ்வளவுதான். ஒருவேள தவறுனா ரத்தத்துல சர்க்கர எறங்கி, கால் பின்னி, வெட்டி இழுக்கும். ஈறுல தேனத் தடவிட்டு டாக்டர்ட்ட ஓடு. சோபாவுலேருந்து குதிச்சா முன்னங்கால் ஒடியும். நடக்கையில முழங்கால் சிப்பி நழுவி, மூணு கால்ல நொண்டும். கழுத்துப் பட்டையப் பிடிச்சு இழுத்தா மூச்சுக்குழல் நசுங்கி இருமும். நாய் வித்த காசு குரைக்காதும்பாங்க. நாயே குரைக்கத் தெம்பில்லாம இருமிக்கிட்டுக் கெடந்தா, காசு எங்கிட்டுக் குரைக்கப் போவுது?

தாய்ப் பொட்டையப் பத்தி நீ ஒண்ணுமே கேக்கல. கேக்காததும் நல்லதுதான். அவ இடுப்பு சிறுசு, குட்டியோட தல பெருசு. வழியில மாட்டுனா வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். நீ காட்டுன லாபக் கணக்குல அவ பேர்ல ஒரு வரியும் காணோம். செலவெல்லாம் அவ உடம்புலேருந்துதான எடுக்குத, ரசீது எதுக்கு?

சட்டமும் இருக்கு, பயப்படாத. 2017 நாய் வளப்பு விதிப்படி மாநில விலங்கு நல வாரியத்துல பதியணும். 18 மாசம் ஆகாத பொட்டையச் சேக்கக் கூடாது, ஆயுசுக்கே 5 ஈத்துக்கு மேல கூடாது, 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாது. சிறுசாத் தெரியணும்னு பால்குடி மறக்கு முன்னாலயே தள்ளி விடுத ஆளுகளும் இருக்காங்க. நீ நல்ல புள்ள, அப்படிச் செய்வியா?

சரி, நல்ல நாள் பாத்து ஆரம்பி. மாமனுக்காக ஒண்ணு மட்டும் செய்யி. பில்லுல எல்லாத்தையும் எழுதிக் குடு: உச்சி மூடல, சிப்பி நிக்கல, பசி தாங்காது, ஆத்தா வயித்தக் கிழிச்சு எடுத்தது. அதப் படிச்சுட்டும் ஒருத்தன் துட்ட எண்ணி வச்சான்னா, அவன் விலாசத்த எனக்கு அனுப்பு. கம்மாக்கரையில நம்ம வத்துன கெணறு ரொம்ப நாளா வெலைக்குக் கெடக்கு.