மிச்சக்காசுக் கணிதம்: தீவகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கழித்தல் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கரும்பலகையைவிடக் கடையே உகந்தது என்பதும், கடைகளுள்ளும் யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறைக் கடைகளே தலைசிறந்தவை என்பதும் இவ்வாய்வின் துணிபு. 135 ரூபாப் பிஸ்கட்டுக்குப் பிள்ளை 500 ரூபாத் தாளை நீட்டுகிறது என்க. பள்ளிக்கூட முறையில் ஒன்றினிடத்துப் பூச்சியம் பத்தினிடத்தில் கடன் கேட்கும், அதுவும் வெறுங்கை, ஆகவே நூறினிடத்து வாசலில் போய் நிற்க வேண்டும். வாங்கிய கடனை எந்த இடமும் திருப்பிக் கொடுத்ததாகச் சான்றில்லை. (சித்திரை வருடப்பிறப்பன்று பிள்ளையின் கைவிசேடத்தைப் "பத்திரமா வைக்கிறன்" என்று வாங்கும் அம்மாமார் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.) கடைக்காரரோ கழிப்பதே இல்லை. ஐந்து ரூபாக் குற்றியை வைத்து "நூற்றிநாற்பது", பத்து ரூபாக் குற்றிக்கு "நூற்றியைம்பது", ஐம்பது ரூபாத் தாளுக்கு "இருநூறு", பிறகு நூறு நூறாக "முந்நூறு, நானூறு, ஐந்நூறு". 365 என்ற விடையை ஒருவரும் உச்சரிக்காமலே கணக்கு முடிந்துவிடுகிறது.

இறங்குதுறைக்கு என்ன தனிச்சிறப்பு? மிச்சக்காசை நின்ற இடத்திலேயே எண்ணாத பிள்ளை படகேறினால், பிழையைக் கண்டுபிடிக்கும்போது நயினாதீவில் நிற்கும். நெடுந்தீவென்றால் இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். சிவப்பு மைக்கு இந்த வலு கிடையாது. ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டே என்று கேட்கலாம். அங்குள்ள பிள்ளைகள் எண்ணுவதில் சற்று அசட்டையாக இருப்பர் என்றே எமது கோட்பாடு எதிர்பார்க்கிறது, ஊரவர் கோபிக்கக்கூடாது.

காசைக் கையில் கொடுத்தால் பிள்ளை காசாசை பிடித்துப்போகும் என்பாருக்கு, திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கம் என்னும் கணக்குச் சுவடியை மனனம் செய்த தலைமுறைகளே பதில். சதம் செத்துவிட்டதே என்ற தடை வலுவானது. 1872இல் இலங்கைக்கு ரூபாவும் நூறு சதமும் வந்தபோது தசமம் கையில் பிடிக்கும் பொருளாயிற்று. சதுர ஐந்து சதக் குற்றி அப்பனுக்கும் பிள்ளைக்கும் பழக்கமாயிருந்தது. இன்று சதம் பற்றுச்சீட்டில் புள்ளிக்கு வலப்பக்கத்து இரண்டு பூச்சியங்களாக மட்டும் சீவிக்கிறது. தசமத்துக்குக் கடை இனி உதவாது, ஒப்புக்கொள்கிறோம்.

மிகப் பாரதூரமான தடை, 2025இல் 'நேச்சர்' இதழில் பொருளியலாளர் பானர்ஜி, டுஃப்லோ முதலியோர் எழுதியது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் மனக்கணக்கில் விண்ணரான சிறுவர்கள், பாடக் கணக்கைத் தாளில் கண்டதும் தடுமாறினர். பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதும் அதே ஆய்வின் முடிவுதான். எனவே கடைக்காரர் ஏறிய படிகளை அன்றிரவே பிள்ளை கொப்பியில் எழுதிப் பார்க்கட்டும். பிஸ்கட்டின் செலவை எவர் ஏற்பது என்பது மட்டும் மேலாய்வுக்குரியது. ஆய்வுப் பொருள் அக்கரை சேருமுன்னரே தீர்ந்துவிடுகிறது.