தாத்தா சேர்த்த காசும் ஊரார் தொலைத்த காசும்

வீட்டில் பெரியவர் ஒருவர் போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வந்த உறவு பாதி ஊர் திரும்பியதும் டிரங்குப் பெட்டியைத் திறப்பார்கள். பத்திரம், பாஸ்புக், காலாவதியான ரேஷன் கார்டு எல்லாம் வெளியே வந்த பிறகு, அடியில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் காசும் அட்டை போட்ட நாணய ஆல்பமும் தென்பட்டால், அதுவரை நடந்த நிலப் பஞ்சாயத்து அந்த நிமிடமே நின்றுவிடும். நிலத்துக்கு அரசாங்கம் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் சார்பதிவாளர் சிரிப்பார். பழைய காசுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவரவர் கடனுக்கு ஏற்ப அவரவர் மதிப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கடன் உள்ளவர் முப்பது லட்சம் என்பார், கடன் இல்லாதவர் மூன்று லட்சம் என்பார். இரண்டு பேரும் கவனிக்கத் தவறுவது ஒன்றுதான்: பழைய காசின் விலையில் அதைப் பொத்திப் பொத்தி வைத்த தாத்தாவுக்குப் பங்கு ரொம்பக் குறைவு. அதே காசை அந்தக் காலத்தில் செலவழித்தவர்கள், உருக்கியவர்கள், தொலைத்தவர்கள் ஆகிய முகம் தெரியாத ஊதாரிகள்தான் விலையைத் தீர்மானித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருப்பதற்கு விலை வராது. எல்லாரும் கோட்டை விட்டதற்குத்தான் வரும். விற்கப் போகிறவர் இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் வழியில் தெளியும்.

“அதெப்படி, எத்தனை வருஷத்துக் காசு, பழசுக்கு மரியாதையே இல்லையா?” என்று உடனே ஒரு கேள்வி வரும். மரியாதை உண்டு, விலைதான் இல்லை. ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்தது 985இல். அவன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் வருஷத்துச் சரக்கு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். ஒருவர் கையில் அதைக் கொடுத்து “இது பெரிய கோவில் கட்டிய ராஜா அடித்த காசு” என்று சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆனால் சாதாரண நிலையில் உள்ள அந்தக் காசு சேகரிப்பாளர் சந்தையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. காரணம், சோழர்கள் தாராளமாக அடித்தார்கள். ஜனங்கள் அதைப் பானை பானையாகப் புதைத்தார்கள். அதை இன்றைக்கும் யாரோ தோண்டி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் வருஷத்துக் காலணாவும் அப்படித்தான். வருஷத்தைப் பார்த்தால் மூச்சு நிற்கும், விலையைக் கேட்டால் திரும்ப ஓடும். இதற்கு நேர் எதிராக, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய், ராஜராஜனுக்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை. அந்தக் குழந்தைக்குத்தான் ஏலத்தில் அடிதடி, ஏனென்றால் அந்த வருஷத்து ரூபாய் வெளியே வந்ததே சொற்பம். வயதுக்கு விலை என்றால் ஆற்றங்கரைக் கூழாங்கல் வைத்திருப்பவர்தான் ஊரில் பெரிய பணக்காரர்.

ஆகவே கனவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தராசை எடுக்க வேண்டும். மேல்விலை எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற அடிவிலையைத் தராசு சொல்லிவிடும். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரை அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. கழித்துப் பார்த்தால் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940இல் யுத்த நெருக்கடியில் அதையே பாதிக்குப் பாதியாக்கினார்கள். அதே ராஜா, அதே எடை, உள்ளே வெள்ளி மட்டும் 5.8 கிராம். 1947இல் வந்த நிக்கல் ரூபாயில் பின்பக்கம் புலி நடக்கும், வெள்ளி மட்டும் இருக்காது. சந்தேகம் இருந்தால் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையைப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். நிக்கல் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், வெள்ளி கண்டுகொள்ளாது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் நாணயம் 15 கிராம், அதில் 12 கிராம் வெள்ளி. அதே வருஷத்துக் காந்தி ஒரு ரூபாய் நிக்கல். வெள்ளி கிராம் நூறு ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 1938 ரூபாய்க்கு 1,070, 1942 ரூபாய்க்கு 583, காந்தி பத்து ரூபாய்க்கு 1,200, புலி ரூபாய்க்குப் பெரிய சைபர். அன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்வது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நூறு காசில் தொண்ணூற்றைந்தின் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்பதுதான் குடும்பத்துக்குச் சொல்ல முடியாத உண்மை.

மிச்சம் ஐந்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, அங்கேதான் ஊதாரிகளின் புண்ணியம் தேவைப்படுகிறது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜுக்கு முதல் ரூபாய் அடித்தபோது, அரசர் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானையைப் பொறித்தார்கள். சிற்பி தும்பிக்கையில் கஞ்சத்தனம் காட்டியதால் யானை பன்றி போலத் தெரிந்தது, மக்கள் கொதித்தார்கள். அடித்தது 94 லட்சம் நாணயம், அதில் வெளியே போனது சுமார் 7 லட்சம். மீதியை அரசாங்கமே உருக்கிவிட்டு, அடுத்த வருஷம் தும்பிக்கையை நீட்டியது. அதனால் பன்றி ரூபாய்க்கு அதன் தம்பிகளைவிடக் கூடுதல் மதிப்பு. லென்ஸை வைத்து ராஜாவின் மார்பைப் பார்ப்பது இந்தத் தொழிலில் மரியாதைக் குறைவு ஆகாது. ஆனால் ஏழு லட்சமும் சின்ன எண்ணிக்கை இல்லை. அதை வைத்து வீடு கட்ட முடியாது, வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். வருஷ வாரியாகக் குழி போட்டு அடுக்கிய ஆல்பத்திலும் இதே நியாயம்தான். தாத்தா எல்லா வருஷமும் சேர்த்திருப்பார், ஒரு குழி மட்டும் காலியாக இருக்கும், அது 1939ஆக இருக்கும். விலை முழுவதும் அந்தக் காலிக் குழியில்தான் இருக்கிறது. தாத்தாவுக்குக் கிடைக்காதது ஊரில் யாருக்கும் கிடைக்கவில்லை என்பதால்தான் அதற்கு அந்த விலை. ஒருவேளை குழி நிரம்பியிருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். விலை போகிற வருஷத்துக்குத்தான் போலியும் வரும். செல்லாத காசுக்குக் கள்ளக்காசு அடிக்க எவனுக்கும் வேலை இல்லாமல் போகவில்லை.

“பாட்டில் காசை விடுங்கள், அரசாங்கமே பெட்டியில் போட்டு சீல் வைத்துக் கொடுத்த செட் இருக்கிறதே?” என்பது அடுத்த கேள்வி. வெல்வெட் மெத்தையில் நாணயம் படுத்திருக்கும், கூடவே ஒரு சான்றிதழும் இருக்கும். பார்த்தவுடன் விலை உயர்ந்தது என்ற நினைப்பு வரும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். நாணயசாலை இந்த நினைவு நாணயங்களை முகமதிப்புக்கு மேலே விலை வைத்துத்தான் விற்கிறது. பெரிய கோவில் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் நாணயமே போட்டது. ஆனால் இவற்றை வாங்கியவர் ஒவ்வொருவரும் தாத்தாவைப் போலவே பேரனுக்காக வாங்கியவர். அதைக் கொடுத்து யாரும் கத்தரிக்காய் வாங்கவில்லை, யார் சட்டைப் பையிலும் அது தேயவில்லை. ஆக அடித்ததெல்லாம் அப்படியே இருக்கிறது, அத்தனை பேரன்களும் ஒரே சமயத்தில் விற்க நிற்கிறார்கள். வெள்ளி இருந்தால் வெள்ளி விலை, பெட்டி கிழியாமல் சான்றிதழோடு இருந்தால் கொஞ்சம் மேலே. குறைவாக அடித்த சில பழைய ப்ரூஃப் செட்டுகள் இதற்கு விலக்கு. 1950இல் குடியரசின் முதல் நாணயங்களை வைத்துப் போட்ட செட் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு நல்ல ஏலக்காரரைத் தேடலாம். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

செல்போன் வைத்திருக்கும் மைத்துனரின் ஆட்சேபணைதான் இருப்பதிலேயே பலமானது. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து, பத்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம் வருகிறதே என்பார். அந்தக் காசு 2012இல் வந்து, கடைகடையாகப் புழங்கியது; யாரும் தொலைக்கவில்லை. கேட்ட விலை வேறு, கொடுத்த விலை வேறு என்பதை ஒரு பக்கம் வைத்தாலும், இந்த விளம்பரங்களில் ஒரு விசேஷம் உண்டு: கடைசியில் பணம் கட்டுகிறவர் விற்கிறவர்தான். பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று முன்பணம் கேட்பார்கள், சமயத்தில் ரிசர்வ் வங்கியின் பெயரையும் இழுப்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, எங்களுக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தம் இல்லை, நாங்கள் கமிஷன் கேட்பதும் இல்லை என்று எச்சரித்தது. 1818 என்று வருஷமும் ராமர் பட்டாபிஷேகமும் போட்ட கம்பெனி அரையணா என்று ஒன்று சுற்றுகிறது. அரிசியை இழுக்கும் என்றுகூடக் கதை கட்டி விற்றிருக்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு அரையணா அடிக்கவே இல்லை. அது அரிசியை இழுத்ததாகத் தகவல் இல்லை, பணத்தை இழுத்ததற்குப் போலீஸ் புகார்கள் உண்டு. இதே தமிழ்நாட்டில்தான் செல்லுகிற பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரரும் கண்டக்டரும் வாங்க மறுத்தார்கள். பதினாலு வடிவமும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி விளக்க வேண்டியிருந்தது. செல்லுகிற பத்து ரூபாயைச் சந்தேகப்பட்டுவிட்டு, 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன நாலணாவுக்கு லட்சம் கேட்கிற துணிச்சல் நமக்கு மட்டுமே உரியது.

காசின் நிலையிலும் ஊதாரிக் கணக்கு நுழைகிறது. சேகரிப்பாளர் கூடுதலாகப் பணம் கொடுப்பது புழங்காத காசுக்கு; ஏனென்றால் மற்றதெல்லாம் அறுபது வருஷம் கைமாறித் தேய்ந்துவிட்டது. தாத்தா அந்தத் தேய்மானத்திலிருந்து காப்பாற்றிக் கொடுத்ததை, விற்கிற அன்று காலையில் வீட்டில் யாராவது புளி போட்டுத் தேய்த்து, வெள்ளிக்கு விபூதி போட்டுத் துடைத்துப் பளபளவென்று கொண்டு வருவார்கள். சட்டைப்பைகளுக்கு அறுபது வருஷம் பிடித்த வேலை அரை மணியில் முடிந்துவிடும். லென்ஸில் பார்த்தால் முடி முடியாகக் கீறல் தெரியும். வாங்க வந்தவர் லென்ஸை மடக்கிவிட்டுத் தராசை எடுப்பார். செம்பின் பழுப்பும் வெள்ளியின் கருப்பும் அழுக்கு இல்லை, ஜாதகம். காசுமாலைக்குக் காது பற்ற வைத்த நாணயத்துக்கும் இதே கதிதான். பாட்டி கழுத்தில் அழகாக இருந்திருக்கும், கடையில் எடைக்குத்தான் போகும். மலிவு பிளாஸ்டிக் ஆல்பத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு கண்டால் காசை வெளியே எடுத்துத் தாளில் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தியம் வேண்டாம்.

“எல்லாம் சரி, வியாபாரி ஏமாற்ற மாட்டாரா?” ஏமாற்றுகிறவரும் உண்டு. ஆனால் கேட்டலாக்கில் ஐந்தாயிரம் போட்டிருப்பதற்கு அவர் மூவாயிரம் சொன்னால் அது ஏமாற்று ஆகாது. கேட்டலாக் விலை அவர் விற்கும் விலை. அதற்கு ஆள் வரும்வரை கடை வாடகை அவர் பொறுப்பு. ஏலத்துக்கு விட்டாலும் கழிவு உண்டு. நடந்து முடிந்த ஏலங்களில் அதே வருஷம், அதே நாணயசாலைக் குறி, அதே நிலை உள்ள காசு என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பதுதான் நியாயமான அளவுகோல். மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். முக்கியமாக, “மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்” என்கிறவருக்கு அந்த ஐந்து காசு எதுவென்று தெரியும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் பிரித்து எடுத்த பிறகு மிச்சத்தை மொத்தமாகக் கொடுப்பதில் நஷ்டம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை மூலம் அங்கே விற்கலாம் என்ற யோசனைக்கு 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. நூறு வயதான நாணயம் தொல்பொருள், தனியார் அதை நாடு கடத்த முடியாது. டிரங்குப் பெட்டியை விட்டுக் கொல்லையைத் தோண்டலாம் என்றால் 1878ஆம் வருஷப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ள புதையலைக் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய் என்பது அச்சுப்பிழை இல்லை.

இத்தனையும் செய்து பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் வருவது வெள்ளி விலையும் மேலே கொஞ்சமும்தான். அதற்குப் போய் விற்பானேன், தாத்தா ஞாபகமாக இருக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். தாராளமாக இருக்கட்டும், ஞாபகத்துக்குச் சந்தை விலை கிடையாது என்பதால் அந்தக் கட்சியோடு எனக்கு வாதமே இல்லை. விற்கிறவர்கள் மட்டும் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையும் வருஷமும் எழுதி, மூன்று பேர் சொன்ன விலையையும் தேதியோடு குறித்து, பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். வியாபாரியிடம் ஏமாறாமல் இருக்கத் தராசும் லென்ஸும் போதும். அடுத்த இருபது வருஷம் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் “அதை அன்னிக்கு வித்திருக்கக் கூடாது, இன்னிக்கு அம்பது லட்சம் போகும்” என்று பாயசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவில் ஆரம்பிக்கப் போகும் சித்தப்பாவிடம் இருந்து தப்பிக்க, அவரே போட்ட அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது.