எவ்வளவு குடுக்கு அண்ணாச்சி?

திருநெல்வேலியில் மாடு வாங்கினவரிடம் கேட்கிற கேள்வியைத்தான் கார் வாங்கினவரிடமும் கேட்பார்கள். "எவ்வளவு குடுக்கு?" மாடு என்றால் வேளைக்கு எத்தனை லிட்டர், கார் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். விலை, நிறம், கூரையில் திறக்கிற கண்ணாடி எல்லாம் அப்புறம்தான். மாட்டுக்காரர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அது ஊருக்குத் தெரியும். கேட்கிறவர் மனசுக்குள்ளேயே ஒரு லிட்டரைக் கழித்துக்கொள்வார். கார்க்காரர் சொல்வதில் எவ்வளவு கழிப்பது என்று இன்னும் வழக்கம் படியவில்லை. அந்த இடைவெளியில் முளைத்தவர்தான் மைலேஜ் அண்ணாச்சி.

தெருவுக்கு ஒருவராவது உண்டு. பெருமாள்புரத்திலும் இருப்பார், பேட்டையிலும் இருப்பார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரூராட்சிக் கணக்குகளில் குண்டு பல்புக்கும் பினாயிலுக்கும் ரசீது கேட்டே முப்பது வருஷத்தைக் கழித்தவர். பணிக்கொடை வந்த கையோடு நடுத்தர எஸ்யூவி ஒன்று வாங்கினார். கிரெட்டா, செல்டாஸ், கிராண்ட் விட்டாரா, எலிவேட் என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதில் ஒன்று. எது என்று சொல்ல மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார். பெட்ரோல் வண்டி, 1.5 லிட்டர் எஞ்சின். காகிதத்தில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் சொச்சம். அந்தச் சொச்சத்தைக்கூட விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

தெருவில் யாராவது கேட்டால் 16 என்பார். மச்சினன் கேட்டால், "ஹைவேல பதினெட்டத் தொட்டுச்சு மாப்ள." சர்வீஸுக்கு விடும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பத்தக் கூடத் தாண்ட மாட்டேங்கு தம்பி, என்னன்னு பாரும்." அவர் மனைவி, அதாவது எங்கள் மதினி, கேட்டால் எண்ணே கிடையாது: "நல்லா குடுக்கு, நல்லா குடுக்கு." இத்தனையும் ஒரே வாரத்தில். மழை வருகிறது, ஜன்னலை ஏற்றிவிடும் என்று ஒருநாள் சாவியைக் கொடுத்தனுப்பினார். அன்றைக்குத்தான் டேஷ்போர்டு டப்பாவுக்குள் அந்த அரைக்குயர் நோட்டைப் பார்த்தேன். பிள்ளையார் சுழி, தேதி, ஓடின தூரம், ஊற்றின லிட்டர், குறிப்பு. குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி: "மச்சினர் ஏறினார், 94 கிலோ." சராசரி 11.4 என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தது. நான் ஜன்னலை ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த 17 சொச்சம் பொய்யில்லை. புனேயில் ஏஆர்ஏஐ என்று ஓர் அமைப்பு 1966-லிருந்து இருக்கிறது. வண்டியை உருளைமேல் ஏற்றி நிறுத்திச் சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டு அளப்பார்கள். அந்த ஓட்டத்துக்கு மொத்தம் இருபது நிமிஷம்கூட ஆகாது, பதினோரு கிலோமீட்டர் தேறாது. சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் போல, உச்சம் 90. ஏசி கிடையாது. எதிர்க்காற்று, எருமை, ஷேர் ஆட்டோ, வேகத்தடை, மாமியார் கொடுத்தனுப்புகிற அரிசி மூட்டை எதுவும் கிடையாது. எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை என்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். கல்யாணத்துக்குப் பிறகு நடப்பதற்கு ஜோசியரைப் பிடிக்க முடியாது.

அண்ணாச்சி பிடிப்பார். "அந்தப் புனேக்காரன ஒருநாள் குலவணிகர்புரம் கேட்டுல வந்து நிக்கச் சொல்லும் வே."

ரயில்வே கேட் சாத்தியிருந்தால் கஷ்டம்தான். ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கிற வண்டி மணிக்கு முக்கால் லிட்டரைச் சும்மாவே குடித்துவிடும். ஓடின தூரம் பூஜ்யம். அதனால் கேட்டுக்கு ஐம்பதடி இருக்கும்போதே எஞ்சினை அணைத்து, மிச்சத்தை உருண்டு கடப்பார். மதினி கல்யாணப் பத்திரிகையை எடுத்து விசிறிக்கொள்வார். "ஏசி வண்டின்னு சொல்லித்தான வாங்குனிய?" மச்சினனிடம் இருப்பது ஹைபிரிட். காகிதத்தில் 27.97. "கேட்டுல நின்னா எங்க வண்டில எஞ்சின் தானா அணைஞ்சிரும் அத்தான், ஏசி மட்டும் ஓடும்" என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டார். பொங்கலுக்கு வந்தவரை அண்ணாச்சி அதற்குப் பிறகு பேட்டரி விலையைச் சொல்லிச் சொல்லியே ஊருக்கு அனுப்பிவைத்தார்.

எத்தனால் பற்றி அவரிடம் வாய் திறக்கக் கூடாது. பெட்ரோலில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பெட்ரோலைவிட அதில் எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கென்று தயாரான வண்டியில் நஷ்டம் சின்னது, மற்றதில் கொஞ்சம் கூடுதல். அண்ணாச்சியின் வாதம் வேறு: "எனக்கு இந்த வயசு வரைக்கும் ஒரு சொட்டுப் பழக்கம் கிடையாது. வண்டி தெனமும் சாராயம் குடிச்சிட்டு ஓடுது. குடிகாரன்கிட்ட கணக்கு நிக்குமா வே?"

ஆற்றங்கரையில் பிறந்தவர் என்பதால் எல்லா விளக்கமும் கடைசியில் ஆற்றில் போய்த்தான் விழும். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. "ஒரு லிட்டர் ஊத்துனா நாலுல ஒரு பங்குதான் வே சக்கரத்துக்கு வருது. மிச்சம் பூரா சூடு. ரேடியேட்டர்தான் நதியுண்ணி. சைலன்சர் கன்னடியன் கால்வாய். ஏசிய மருதூர்னு வச்சுக்கிடும். சக்கரம் கடைமடை. கடைமடைக்காரன் பாடு உமக்குத் தெரியும்லா?" பொறியியல் கல்லூரியில் நான்கு வருஷம் படித்த என் அக்கா மகனுக்கு இது இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியாது. அண்ணாச்சியிடம் அறிவுக்குக் குறைச்சல் கிடையாது. அதை அவர் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல அழைக்கிறார் என்பதில்தான் சிக்கல்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேலக்காற்று இறங்கி ஆலங்குளம் வரை அடித்துத் தள்ளும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் அப்படியே. முப்பந்தலிலும் பணகுடிப் பக்கத்திலும் அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. எஸ்யூவிக்கு நெஞ்சு அகலம், உயரமும் கூட. 80-ல் போகிற வண்டி 100-க்கு ஏறினாலே காற்றின் தடுப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். இதெல்லாம் அண்ணாச்சிக்கு அத்துப்படி. குற்றாலத்துக்குச் சாரல் பார்க்கப் போகும்போது மைலேஜ் காட்டுகிற திரையைத் துண்டு போட்டு மூடிவிடுவார். குளித்து, சாப்பிட்டு, வண்டியைக் கிழக்கே திருப்பியதும் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் கிளம்புவார். முதுகில் காற்று, கொஞ்சம் இறக்கம். அவர் மச்சினனிடம் சொல்கிற பதினெட்டு இந்தப் பாதி வழியில் பிறந்தது.

பெட்ரோல் பல்க்குக்குப் போவது காலை ஐந்தரைக்கு. வெயில் ஏறுமுன் பெட்ரோல் சுருங்கிக் கிடக்கும், அதே காசுக்குக் கூடுதல் சரக்கு வரும் என்பது கணக்கு. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்பது மெய்தான். ஆனால் அது கிடப்பது மண்ணுக்கடியில் புதைத்த தொட்டியில். பாளையங்கோட்டை வெயில் அவ்வளவு ஆழத்துக்குச் சட்டென்று இறங்காது. இதைச் சொன்னேன். "கிணத்துத் தண்ணி விடியக்காலைல வெதுவெதுன்னு இருக்கும், தெரியும்லா?" என்று திருப்பிக் கேட்டார். அது என் கட்சிக்கான சாட்சி என்பதை அவர் கவனிக்கவில்லை.

அதே பல்க், அதே நாசில், வண்டி நிற்கிற தரையும் அதே சதுரம். ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் போட்டு, ஓடின தூரத்தை ஊற்றின லிட்டரால் வகுப்பது. திரை காட்டுகிறதை நம்பாதவன் இப்படித்தான் அளக்க வேண்டும். இதைவிட நேர்மையான வழி வீட்டில் கிடையாது. சூட்சுமம் 'ஃபுல்' என்ற சொல்லில் இருக்கிறது. நாசில் டக்கென்று தானாக நிற்கிற இடம் ஒரு ஃபுல். வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டி, காற்றுக்குமிழியை வெளியேற்றி, சொட்டுச் சொட்டாக இன்னும் அரை லிட்டரை வாங்கவைப்பது இரண்டாவது ஃபுல். அண்ணாச்சி புறப்படுகிறபோது இரண்டாவது ஃபுல்லில் புறப்படுவார். திரும்பி வந்து முதல் ஃபுல்லோடு நிறுத்திக்கொள்வார். முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கில் இந்த வித்தையைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு என்னையும் கூட்டிப்போனார். சாமி கும்பிட என்று மதினி நினைத்துக்கொண்டிருந்தார். விடியுமுன் வண்டியை ஆட்டும் வேலை எனக்கு. பின்பக்கம் இரண்டு கையையும் ஊன்றிக் குலுக்கினேன். டேங்க் 'களக்' என்றது. "இன்னொரு தடவ," என்றார். பல்க் பையன் பார்த்துக்கொண்டே நின்றான். அவனிடம் 5 லிட்டர் அளவைக் குவளையைக் கேட்டு இரண்டு முறை அளந்து பார்த்த மனிதர் இவர். அதனால் அவன் இவரைக் கண்டாலே குவளையைத் துடைத்து முன்னால் வைத்துவிடுகிறான்.

மேலப்பாளையம் தாண்டினதும் ஐந்தாவது கியர், 65 வேகம், ஏசி இல்லை. பத்தமடையில் ஒரு லாரி எங்களை முந்தியது. சேரன்மகாதேவியில் ஒரு டிராக்டர் முந்தப் பார்த்தது. கருங்கல் போல உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி. வீரவநல்லூர் வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு கிழிக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். பாபநாசத்துக்கு மேல் மலையேற்றத்தில் திரை ஆறைக் காட்டியபோது, "அது காட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே மரத்தைப் பார்த்தார். திரும்பி இறங்கும்போது முகமே வேறு. கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். திரையிலுள்ள கோடு வலது ஓரத்தில் போய் முட்டி, அதற்கு மேல் இடமில்லாமல் நிற்கும். "எடும், எடும், போட்டோ எடும்!" வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்திருப்பீர்கள். பின்னணியில் தெரிகிற விரல் என்னுடையது.

அம்பாசமுத்திரத்தில் மதினியின் அம்மா வீடு. அம்பை 16 அரிசி ஒரு மூட்டை, தேங்காய் பதினைந்து, புளி. அண்ணாச்சி மூட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "அரிசி அங்கன கிடைக்காதா?" மாமியாருக்குக் கேட்கவில்லை. மதினிக்குக் கேட்டுவிட்டது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க மட்டும் எதிர்ப்பில்லாமல் வண்டி நின்றது, எடையில்லாத சரக்கு.

வழியில் மதினி என்னிடம் கேட்டார்: "தம்பி, இங்க வந்துட்டுப் போக மொத்தம் எத்தன லிட்டர் ஆகும்? அத மட்டும் சொல்லுங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐரோப்பாக்காரர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள்: நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். அப்படிக் கேட்டால்தான் காசு கண்ணுக்குத் தெரியும். 10 கொடுக்கிற வண்டி 12 கொடுத்தால் நூறு கிலோமீட்டரில் ஒன்றரை லிட்டருக்கு மேல் மிச்சம். 17 கொடுக்கிறது 20 கொடுத்தால் ஒரு லிட்டர்கூட மிச்சமில்லை. அண்ணாச்சி அடித்துக்கொள்கிற பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் உள்ளது நூறு கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் பெட்ரோல். காசாகச் சொன்னால் இரண்டு மூன்று டீ. சொல்லலாமா என்று யோசித்தேன். வண்டியில் இடம் கொடுத்தவர். சொல்லவில்லை.

பல்க்குக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ஓடினது 131.4 கிலோமீட்டர். அதே சதுரம், அதே நாசில். அண்ணாச்சி இறங்கிப் போய், கையை உயர்த்தினபடி, நடுவர் மாதிரி நின்றார். 7.6, 7.9, 8.1... டக். "போதும்!" என்றார். வாய்க்குள்ளேயே வகுத்திருப்பார், உதடு பதினாறு என்று அசைந்தது.

டக், டக், டக் என்று இன்னும் மூன்று சத்தம்.

"எண்ணூத்தி அம்பதா ஆக்கிட்டேன் அண்ணாச்சி. சில்லறைக்கு அலைய வேண்டாம்லா?" என்றான் பையன், நாசிலைத் தூக்கி மாட்டியபடி.

அண்ணாச்சி அசையவில்லை. உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது: "அப்போ அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர எண்ணூத்தி அம்பது. இதச் சொல்லவா இவ்வளவு நாளு?"

அவர் டப்பாவைத் திறந்து நோட்டை எடுத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். எட்டிப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில், பழைய ஆபீஸ் கையெழுத்தில் எழுதினார்: "தணிக்கைத் தடை. கணக்கில் சேர்க்க வேண்டாம்." மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"சனிக்கிழமை சும்மாதான வே இருப்பீரு? அய்யனாருக்கு ஒரு நேர்ச்ச பாக்கி இருக்கு."